கம்பி போடாத வரி

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் கம்பி. ஆள் ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒல்லிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பெயர் வந்த கதை வேறு.

அந்த அலுவலகம் ஒரு மாடியில் முக்கால் பாகம். மீதிக் கால் பாகத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் துளைபோடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். இந்தப் பக்கம் பதினோரு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். அரசுத் துறைகளுக்கு ஆள் எடுக்கும் விண்ணப்பத் தளங்களைச் செய்துகொடுப்பதும் பார்த்துக்கொள்வதும்தான் தொழில்.

தளம் ஒன்றுதான். அது ஓடிய சர்வர் இரண்டு. ஊர் உலகம் வந்து விண்ணப்பம் போடுவது லைவ் சர்வரில். இவர்கள் போட்டு உடைத்துப் பார்ப்பது டெவ் சர்வரில். இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே நிறம், மேலே எழுதியிருக்கும் முகவரிகூட ஒன்றே. டெவ்வுக்கு வேறு முகவரி வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆரம்பத்தில் எழுதிக்கொடுத்த புண்ணியவான் தளத்தின் பெயரை நூறு இடத்தில் அடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு பெயரில் கூப்பிட்டால் பாதிப் பக்கம் திறக்காது. அதனால் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும், அது எங்கே இருக்கிறது என்று வெளியே விசாரிப்பதற்கு முன் கம்ப்யூட்டர் முதலில் இந்த ஃபைலைத்தான் புரட்டிப் பார்க்கும். அதில் 'இந்தப் பெயரா, இந்த இடத்துக்குப் போ' என்று ஒரு வரி இருந்தால் போதும், மறுபேச்சு பேசாமல் அங்கே போய்விடும். அந்த வரியில் டெவ் சர்வரின் எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். வரிக்கு முன்னால் ஜன்னல் கம்பி போல இருக்கும் # குறியைப் போட்டால் வரி செத்துவிடும், லைவ்வுக்குப் போகலாம். கம்பியை எடுத்தால் வரிக்கு உயிர் வந்துவிடும், டெவ்வுக்குப் போகலாம். ஒரு நாளைக்கு இருபது தடவை கம்பி போடுவார்கள், எடுப்பார்கள்.

மறந்தால் கூத்துதான். பக்கத்து இருக்கைக்காரரான மீசை ஒரு முறை லைவ்வில் இருந்த பிழையை அரைநாள் திருத்திக்கொண்டே இருந்தார். என்ன திருத்தினாலும் திரையில் மாறவே இல்லை. கடைசியில் பார்த்தால் திருத்தியது லைவ்வை, உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது டெவ்வை.

"கம்பி போட்டீங்களா சார்?" என்று அன்றைக்கு அவன் கேட்டான். அலுவலகமே சிரித்தது.

"ஒரு நாள் எல்லாரும் சேந்து கம்பி எண்ணப் போறோம், அப்ப தெரியும்" என்றார் மீசை.

அன்றிலிருந்து எல்லோரையும் அவன் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினான், கம்பி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தான். டெவ் வரியைத் திறக்கிறவர் தன் திரையின் தலையில் ஒரு சிவப்புத் துணிக்கிளிப்பை மாட்ட வேண்டும், மூடியதும் கழற்ற வேண்டும். டப்பா நிறைய கிளிப்பை அவனே வாங்கி வந்தான். அதற்கப்புறம் தவறுகள் குறைந்தன. டீம் லீடு மேடம் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அவன் மட்டும் நாலைந்து மாதத்தில் கிளிப் மாட்டுவதை விட்டுவிட்டான். அது மற்றவர்களுக்கானது என்று அவனே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

*

அவனுக்கு ஒரு அக்கா. நாலு வயது மூத்தவள். அப்பா சரக்கு வண்டி ஓட்டியவர், ஏற்றி இறக்கும்போது இடுப்பு போனது. அக்கா அப்போது பன்னிரண்டாவது முடித்திருந்தாள், பள்ளியில் மூன்றாவது இடம். அவள் படிப்பை நிறுத்தச் சொல்லி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. "ஒரு மாசம் போய்ட்டு வா, அப்பாக்குச் சரியாகட்டும்" என்றுதான் அம்மா மருந்துக் கடை வேலைக்கு அனுப்பினாள். அப்பாவுக்குச் சரியாகவில்லை. ஒரு மாதம் பதினேழு வருடம் ஆனது.

அந்தப் பதினேழு வருடத்தில்தான் அவன் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆனான். அக்கா கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கினாள். அது வந்தபோது யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். கல்யாணப் பேச்சும் இரண்டு மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

பொது நூலகங்களுக்கு உதவியாளர் எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பை அக்காதான் முதலில் பார்த்தாள். வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு முப்பத்தைந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. அடுத்த முறை ஆள் எடுப்பதற்குள் அவள் கணக்கிலேயே இருக்க மாட்டாள்.

"உக்காந்து பாக்கற வேலைடா" என்றாள். "நாற்காலி குடுப்பாங்களாம். நின்னு நின்னு காலு ரெண்டும் கம்பமா போச்சு."

வேலை முடிந்து வந்து சுடுதண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பழைய வினாத்தாள்களைப் படித்தாள். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மாத்திரை அட்டைகளின் பின்பக்கம் விடைகளை எழுதிப் பார்த்தாள். "எனக்கு வந்த மாத்திரைல யாரோ ஒரு மன்னரோட பிறந்த வருஷம் எழுதியிருக்கும்மா" என்று ஒரு வாடிக்கையாளர் சண்டைக்கு வந்ததாகச் சொல்லிச் சிரித்தாள்.

விண்ணப்பத்தைத் தெருக்கோடி பிரவுசிங் சென்டரில் போட்டுவிடுவதாகத்தான் இருந்தாள். அவன் விடவில்லை.

"அவன்கிட்டயா? எதையாவது தப்பாப் போட்டு வச்சிடுவான். அந்த சைட்டே நாங்க பாத்துக்கறதுதான்க்கா. குடு, நான் போடறேன்."

"அட, உங்க ஆபீசா? சொல்லவே இல்லையே நீ" என்று அக்கா பெருமையாக அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தூங்கிப் போயிருந்தாள்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மதிய இடைவேளையில் அவன் இருக்கையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினான். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தான். போட்டோவை இரண்டு தடவை மாற்றினான், முதல் படத்தில் அக்கா களைத்துத் தெரிந்தாள் என்று. கட்டணம் கிடையாது. அனுப்பு என்று அழுத்தியதும் பச்சைப் பட்டையில் பதினோரு இலக்க எண் வந்தது. அக்காவுக்கு அனுப்பினான்.

அன்று மாலை அவள் கேட்டாள்: "எங்க கடைப் பொண்ணும் போட்டிருக்கா. அவளுக்கு உடனே மெசேஜ் வந்துச்சாம். எனக்கு வரலையேடா?"

"அது லேட்டாத்தான் வரும்."

"ஒரு தடவை பாத்துடேன்."

"நாங்கதான் சைட்டையே பண்ணியிருக்கோம், எங்கிட்டயே சந்தேகமா?"

டெவ் சர்வர் யாருக்கும் மெசேஜ் அனுப்பாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனே நிறுத்தி வைத்த வசதி அது.

*

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரைக்கு அக்கா போன் செய்தாள். கடை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"டேய், ஹால் டிக்கெட் விட்டுட்டாங்க. எனக்குப் பதிவு இல்லன்னு வருது."

"நம்பரைச் சரியா அடிச்சியா?"

"மூணு தரம் அடிச்சேன். வாயில நுழையாத மருந்து பேரையே தப்பில்லாம அடிக்கறவ, பதினோரு நம்பர் அடிக்க மாட்டேனா?"

"இரு, பாக்கறேன்."

அவன் தன் திரையில் எண்ணைத் தட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் ஹால் டிக்கெட் வந்து நின்றது. அக்காவின் பெயர், பிறந்த தேதி, களைப்புத் தெரியாத அந்தப் போட்டோ.

"இங்க வருதேக்கா! உன் போட்டோ, பேரு எல்லாம் ஜம்முனு இருக்கு. உன் போன்லதான் ஏதோ கோளாறு."

"வருதா? அப்பாடா, உயிரே போயிடுச்சு." பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கும் குரல் கேட்டது. "எந்த இடம்டா போட்டிருக்கு? தூரமா? லீவு சொல்லணும்."

அவன் திரையில் கீழே இறங்கினான். தேர்வு மையம் என்ற கட்டத்தில் 'அஆஇஈ' என்று இருந்தது.

போன வாரம் ஹால் டிக்கெட் பக்கத்தைச் சோதிப்பதற்காக டெவ்வில் அவனே அடித்து வைத்த எழுத்துகள் அவை.

"சொல்லுடா, எந்த இடம்?"

"நான் அப்புறம் கூப்பிடறேன்க்கா."

ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தான். வரிக்கு முன்னால் கம்பி இல்லை. கம்பியைப் போட்டுச் சேமித்தான். பிரவுசரை மூடித் திறந்து எண்ணை மறுபடி தட்டினான். 'பதிவு இல்லை.' கம்பியை எடுத்தான், அக்கா வந்தாள். போட்டான், போய்விட்டாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நாலைந்து தடவை போட்டு எடுத்தான்.

"என்ன கம்பி, விளையாடற?" என்று மீசை எட்டிப் பார்த்தார். ஹால் டிக்கெட்டில் இருந்த முகத்தைப் பார்த்தார். அவன் அக்காவை அவருக்குத் தெரியும், அவன் கல்யாணத்துக்கு வந்தவர். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. "அய்யய்யோ" என்று மட்டும் சொன்னார்.

*

மேடம் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். முழுக்கக் கேட்டார். முதல் கேள்வி:

"வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல மேடம். துறைக்கு ஒரு கடிதம் எழுதினா... நம்ம சைடு தப்புன்னு ஒத்துக்கிட்டா, ஒரு பேரைச் சேத்துக்க மாட்டாங்களா? அவங்களுக்கு இதான் கடைசி வருஷம்."

"என்னன்னு எழுதுவ? சோதனை பண்ற மெஷின்ல ஒரு நிஜ ஆளோட சர்டிபிகேட்டை மூணு வாரமா வச்சிருந்தோம்னா? அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். பதினோரு பேர் குடும்பம் இருக்கு இங்க."

மேடம் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அதை டெவ்ல இருந்து அழிச்சிடு. இன்னிக்கே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை சாயந்தரம் பரீட்சை எழுதறவங்க பட்டியலை மூடறாங்க. அதுவரைக்கும் லைவ்ல எது போகுது வருதுன்னு உனக்குத்தான் தெரியும். கை வைன்னு நான் சொல்லல. புரியுதா?"

புரிந்தது. அவர் கையில் அழுக்குப் படாமல் அவன் கையில் கொடுத்துவிட்டார். அவருக்குச் சாமர்த்தியம் இருந்தது, அவ்வளவுதான்.

மீசை மாடிப்படியில் வைத்துச் சொன்னார்: "ரெண்டு நிமிஷ வேலைடா. டெவ்ல இருக்கறதை அப்படியே எடுத்து லைவ்ல போடு. கடைசி நாளுக்கு ரெண்டு நாள் முந்தின தேதியப் போடு. அவங்க நெஜமாவே அன்னிக்குத்தானே போட்டாங்க? பொய்யா என்ன?"

"யாரு கை வச்சாங்கன்னு லாக்ல என் பேரு விழும் சார்."

"போன தடவை ஒரு பெரிய மனுஷன் வீட்டுப் பொண்ணுக்கு நம்ம பழைய லீடு பண்ணினாரே. அவரு பேரும்தான் விழுந்துச்சு. இப்ப வேற கம்பெனில மேனேஜரா இருக்காரு."

"நீங்க பண்ணுவீங்களா?"

மீசை ஒரு படி இறங்கி நின்றார். "எங்க அக்கா பத்தாவதே தாண்டலடா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை அவன் சர்வருக்கு நேரடியாகக் கட்டளை அடிக்கும் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டான். ஒன்று லைவ், ஒன்று டெவ். லைவ்வில் அக்காவைச் சேர்க்கும் கட்டளையை முழுதாக அடித்து முடித்தான். என்டரைத் தட்டினால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் துளைபோடும் சத்தம் நின்று நின்று வந்தது.

அவன் நினைத்துப் பார்த்தான். வேலை போகும். போனால் இந்தத் தொழிலில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். மனைவிக்கு ஆறாவது மாதம். இப்படி வரிசையாகக் காரணங்கள் வந்தன. அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, நேர்மை என்ற காரணமும் வந்து நின்றது. லட்சம் பேர் போட்டியிடும் பட்டியலில் பின்வாசல் வழியாக ஒரு பெயரை நுழைக்கலாமா என்று அது கேட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏன் கடைசியில் வந்தது, பயம் ஏன் முதலில் வந்தது என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. இது தன் விண்ணப்பமாக இருந்தால் விரல் இவ்வளவு நேரம் காற்றில் நிற்குமா என்றும் கேட்டுக்கொண்டான். அதற்குப் பதில் இருந்தது.

லைவ்வில் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் அழித்தான். டெவ் ஜன்னலுக்குப் போய் அக்காவின் பதிவை நீக்கினான். 'ஒரு வரி நீக்கப்பட்டது' என்று வந்தது.

*

அன்று மதியமே மருந்துக் கடைக்குப் போனான். பின்பக்கம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்தில், கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்து அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் டப்பாவை மூடினாள்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல், கம்பி, இரண்டு சர்வர் என்று எல்லாவற்றையும் சொன்னான். பொய் கலக்காமல் சொன்னான்.

"அதாவது, வாசல்ல பேரு ஒண்ணுதான். நீ என்னைக் கூட்டிட்டுப் போனது வேற வீட்டுக்கு" என்றாள்.

"ஆமாக்கா."

"உன் கம்ப்யூட்டர்ல மட்டும் நான் இருக்கேன். உலகத்துல வேற எங்கயும் இல்ல."

"இப்ப அதுலயும் இல்ல. அழிச்சிட்டேன். அழிக்கச் சொன்னாங்க."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "போட்டோகூடவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி. பட்டியல் எப்ப மூடறாங்க?"

"நாளைக்குச் சாயந்தரம்."

"நீதானே அதெல்லாம் பாத்துக்கற? உன்னால என்னைச் சேக்க முடியாதா?"

"முடியாதுக்கா."

"முடியாதா, மாட்டியா?"

முன்பக்கம் யாரோ கவுன்டரில் தட்டினார்கள். கடைக்காரர் "அம்மா, ஆள் நிக்கறாங்க" என்று கூப்பிட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை.

"மாட்டேன்க்கா" என்றான். "வேலை போயிடும்."

"ம். அதைச் சொல்லு முதல்ல." அவள் டப்பாவைப் பையில் வைத்து எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த அட்டைத் தூசைத் தட்டினாள். அழுவாள் என்று அவன் நினைத்திருந்தான், திட்டுவாள் என்றும் நினைத்திருந்தான். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். "பிரவுசிங் சென்டர்க்காரன் பத்தாவது ஃபெயிலு. அவன்கிட்ட குடுத்திருந்தா இன்னிக்கு என் கைல ஹால் டிக்கெட் இருக்கும். படிச்சவன்னு உன்கிட்ட குடுத்தேன் பாரு."

"அக்கா..."

"யாராவது கேட்டா, நான் அப்ளிகேஷனே போடலன்னு சொல்லிடு. மறந்துட்டேன்னு. அம்மாகிட்டயும் அதையேதான் சொல்லணும்."

"எதுக்குக்கா நீ பழியச் சுமக்கணும்? நானே சொல்றேன்."

"உனக்காக ஒண்ணும் இல்ல. பதினேழு வருஷமா இந்தக் கடைல எல்லார்கிட்டயும் என் தம்பி படிச்சிருக்கான், படிச்சிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். என் மானம் போகும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கவுன்டருக்குப் போய் நின்றாள். "சொல்லுங்கண்ணே, சீட்டு இருக்கா?"

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அதை மூடுவதற்கான பொத்தானை லைவ்வில் அழுத்தியது அவன்தான், அவனுக்குத்தான் அந்த அனுமதி. அழுத்துவதற்கு முன் கம்பி இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனான். கடைப் பெண் ஹால் டிக்கெட் வாங்கிவிட்டாள் என்ற சேதி அதற்குள் தெரு முழுக்கப் பரவி, அம்மா காதுக்கும் வந்திருந்தது. அக்கா சொல்ல வேண்டியதைச் சொல்லியும் ஆகிவிட்டிருந்தது.

"மறந்துட்டாளாம்!" என்று அம்மா அவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். "காலை ஊற வச்சுக்கிட்டு ராஜாத்தி மாதிரி படிச்சா. போட வேண்டியதைப் போட மறந்துட்டாளாம். இந்த வயசுல என்ன மறதி? தம்பி கம்ப்யூட்டர்ல கிடந்து சாகறான், அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நொடில போட்டுக் குடுத்திருக்க மாட்டானா? நீயே கேளுடா அவளை."

அக்கா சுவரோரம் உட்கார்ந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

"கேளுடா" என்றாள் அம்மா.

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான்.